மெயின் லைன்ல நீராவி இன்ஜின் சுற்றுலா வண்டி ஓட்டணுமா, வேண்டாமா?

சிவப்புசிக்னல்:
நேரா விஷயத்துக்கு வர்றேன். பழைய நீராவி இன்ஜினை காப்பாத்தி வைக்கணும்கறதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா மத்த வண்டிங்க 125 மைல் வேகத்துல பறக்குற பாதையில அதைக் கொண்டுவந்து சுற்றுலாவா ஓட்டுறது தேவையில்லாத ஆபத்து. பிரிட்டன்ல தான் இது அதிகமா நடக்குது, அங்கிருந்தே சொல்றேன். 2015 மார்ச் 7, வூட்டன் பாசெட் ஜங்ஷன். டாங்மியர்ங்கற நீராவி இன்ஜின் இழுத்துட்டு வந்த வண்டி. வேகக் கட்டுப்பாட்டுக்கு வந்த எச்சரிக்கைக்கு டிரைவர் நேரத்துல பதில் குடுக்கல, பிரேக் தானா பிடிச்சுது, வண்டி நின்னுடக் கூடாதுன்னு இன்ஜின்ல இருந்தவங்க அந்த எச்சரிக்கைக் கருவியோட வால்வையே மூடிட்டாங்க. அதோட சிவப்பைத் தாண்டினா வண்டியை நிறுத்துற பாதுகாப்பும் போச்சு. அப்புறம் ஒரு சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் ஜங்ஷன் குறுக்கயே நின்னுச்சு. ஒரு நிமிஷத்துக்கும் கம்மியான நேரத்துக்கு முன்னாடி தான் அதே இடத்தை ஒரு அதிவேக பயணிகள் ரயில் கடந்து போயிருந்துச்சு. யாருக்கும் எதுவும் ஆகல, ஆனா அது வெறும் அதிர்ஷ்டம்.

பாய்லர்மணி:
அந்த சம்பவத்தை யாரும் நியாயப்படுத்தல அண்ணே. நடத்துன கம்பெனியோட வண்டிகளை அடுத்த மாசமே நிறுத்தி வச்சாங்க, 2 லட்சம் பவுண்ட் அபராதம், டிரைவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை. தப்பு பண்ணினது மனுஷங்க, பாதுகாப்புக் கருவியை கையால ஆஃப் பண்ணாங்க, அதை டீசல் இன்ஜின்ல இருந்தாலும் பண்ணலாம். அதுக்காக நீராவியையே தடை பண்ணணுமா? 1968 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் ரயில் நீராவியை மொத்தமா நிறுத்திட்டு மெயின் லைன்ல விடவே மாட்டோம்னு சொன்னாங்க, 1971 அக்டோபர்ல கிங் ஜார்ஜ் ஃபைவ்ங்கற நீராவி இன்ஜின் ஓடினப்போ தான் அந்தத் தடை உடைஞ்சது. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஓடிட்டு தான் இருக்கு. ஹெரிடேஜ் லைன்லயே, அதாவது பழைய வண்டிங்க ஓட்டன்னே வச்சிருக்குற தனிப் பாதையிலயே ஓட்டட்டும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, அங்க சாதாரணமா 25 மைலுக்கு மேல போக முடியாது. 1934ல 100 மைல் தொட்ட ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன், அவ்வளவு பெரிய சக்கரம் வச்சு வேகத்துக்குன்னே கட்டின இன்ஜின், அதை 25ல உருட்டினா பார்க்குறவனுக்கு அது என்ன இன்ஜின்னே புரியாது. கரி போடுற ஃபயர்மேன் ஏத்தத்துக்கு முன்னாடியே நெருப்பைத் தயார் பண்றது, ஒரே வேகத்துல மணிக்கணக்கா பிரஷரைப் பிடிச்சு வைக்கிறது, இதெல்லாம் நீள ஓட்டத்துல தான் கத்துக்க முடியும். ஓடலன்னா அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறையில செத்துப்போகும்.

டைம்டேபிள்:
ரெண்டு பேருமே தினமும் வேலைக்குப் போறவனை மறந்துட்டீங்க. பழைய காலத்துல தண்டவாளத்துக்கு நடுவுல தண்ணித் தொட்டி இருந்துச்சு, ஓடிக்கிட்டே அள்ளிக்கும், இப்போ ஒண்ணும் இல்ல. ஸ்காட்ஸ்மேன் டெண்டர்ல, அதாவது இன்ஜினுக்குப் பின்னாடி கரியும் தண்ணியும் வைக்குற வண்டியில, சுமார் 5,000 கேலன் தண்ணி தான் பிடிக்கும், அதனால நூறு மைலுக்கு ஒரு தடவை எங்கயாவது ஓரமா நிறுத்தி டேங்கர் லாரியில இருந்து தண்ணி ஏத்தணும். அந்த நேரம் முழுக்க ஒரு லூப் லைன், அதாவது வண்டி ஒதுங்கி நிக்குற பக்கப் பாதை, மாட்டிக்கும். கூடவே நீராவி இன்ஜினுக்கு பெரும்பாலும் 75 மைல் தான் உச்சம், பின்னாடி வர்ற 125 மைல் வண்டிக்கு இது ஒரு சுவர். 2018 ஏப்ரல்ல டொர்னாடோங்கற நீராவி இன்ஜின் 90 மைல்ல ஓட அனுமதி வாங்கி முதல் பயணம் போச்சு, அதுலயே நீராவி வால்வை இயக்குற வால்வ் கியர் உடைஞ்சு பாதியில நின்னுச்சு. எவ்வளவு நல்லா பராமரிச்சாலும் இந்த மாதிரி நடக்கும், நடந்தா பின்னாடி நூத்துக்கணக்கான பேர் வண்டிக்குள்ள உக்காந்திருப்பாங்க.

கரிப்புகை:
சரி, நின்னுச்சு. மின்சார வண்டி நிக்கலயா? மேல ஒயர் அறுந்து நாள் பூரா ஒரு லைன் நிக்கிறது நடக்காததா? பாவம் அந்த ஒரு இன்ஜின் மேல மட்டும் ஏன் இவ்வளவு கோபம்.

டைம்டேபிள்:
மின்சார வண்டி ஆளுங்களை வேலைக்குக் கொண்டுபோகுது, அதுக்காக அந்த ரிஸ்க்கை எடுக்குறோம். இது உல்லாசம். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

சிவப்புசிக்னல்:
கதவு விஷயத்தையும் சொல்லணும். இந்த வண்டிகள்ல ஓடுற மார்க் 1 பெட்டிகள் 1950கள்ல வந்த டிசைன், ஜன்னல் வழியா கையை விட்டு கதவைத் திறக்கலாம். மொத்தமா பூட்டுற சிஸ்டம் போடுங்கன்னு ஒழுங்குமுறை அலுவலகம் சொன்னப்போ ஒரு கம்பெனி செலவு அதிகம்னு கோர்ட்டுக்குப் போச்சு, 2023 டிசம்பர்ல தோத்துச்சு, 2024ல அவங்க ஸ்காட்லாந்துல க்ளென்ஃபின்னன் பாலம் வழியா ஓட்டுற ஜாகோபைட் வண்டி கொஞ்ச நாள் ஓடாமயே கிடந்துச்சு. பழைய பெட்டியோட அழகுக்காக ஓடுற வண்டியிலருந்து ஒருத்தர் விழணுமா?

வடக்குபிளாட்பாரம்:
இங்க தான் ஜப்பானைப் பாருங்க. யமகுச்சி லைன்ல 1979லருந்து நீராவி வண்டி ஓடுது. 2017ல ஜேஆர் வெஸ்ட்ங்கற ரயில் கம்பெனி பழைய பெட்டி மாதிரியே தோற்றம் இருக்குற புதுப் பெட்டிகளைக் கட்டினாங்க, உள்ள ஏசி, இந்தக் காலத்துப் பாதுகாப்பு எல்லாம் இருக்கு. இன்ஜின் பழசு, ஜனங்க உக்கார்ற பெட்டி புதுசு. அந்த வழி பிடிச்சா பாதி சண்டை தீர்ந்துடும். போலந்துல வோல்ஷ்டின்லருந்து நீராவி இன்ஜின் சாதாரண டைம்டேபிள் வண்டியையே இழுக்குது, சும்மா டிக்கெட் எடுத்து ஏறலாம்.

டைம்டேபிள்:
யமகுச்சியும் வோல்ஷ்டினும் கூட்டமில்லாத லைன். நான் பேசுறது பிசியான மெயின் லைன் பத்தி.

பாய்லர்மணி:
அப்போ அமெரிக்காவை எடுத்துக்கோங்க. யூனியன் பசிபிக்ங்கற ரயில் கம்பெனி தன் சொந்த மெயின் லைன்லயே பிக் பாய் 4014ங்கற நீராவி இன்ஜினை 2019ல திரும்ப ஓட்டினாங்க. கரிக்குப் பதிலா எண்ணெய் எரிக்குற மாதிரி மாத்தினாங்க, அதனால கரி எங்கருந்து வரும்னும் தலைவலி இல்ல, ஓரத்துப் புல் பத்திக்குற பயமும் குறையுது. சிக்னலுக்கு வருவோம். நீராவி இன்ஜின்ல டிரைவருக்கு முன்னாடி ஒரு நீள பாய்லர், பக்கத்துல புகை, வளைவுல சிக்னல் கண்ணுல படவே படாது, ஃபயர்மேன் எட்டிப் பார்த்து சொல்லணும். இப்போ வர்ற ஈடிசிஎஸ்ங்கற ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு சிஸ்டத்துல சிக்னல் கேபின் ஸ்கிரீனுக்கே வந்துடும். நியாயமா பார்த்தா இந்தப் புது சிஸ்டத்தால அதிகம் லாபம் நீராவி டிரைவருக்குத் தான். அதிர்வு, சூடு, கரித்தூசி நடுவுல கம்ப்யூட்டரை வைக்கிறது லேசில்ல, அதுக்குக் கரன்ட் எங்கருந்து எடுக்குறதுங்கறதும் பெரிய கேள்வி, ஆனா டொர்னாடோவுல அந்த வேலையைப் பண்ணிட்டு தான் இருக்காங்க. அது வேலை செஞ்சா வூட்டன் பாசெட் மாதிரி இன்னொண்ணு வர்றது ரொம்பக் கஷ்டம்.

சிவப்புசிக்னல்:
ஸ்கிரீன் விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். ஆனா தண்டவாளத்துல நிக்குற கூட்டத்துக்கு எந்த ஸ்கிரீன் வைப்பீங்க? 2016ல ஸ்காட்ஸ்மேன் புதுப்பிச்சு ஓடின முதல் நாளே ஆளுங்க தண்டவாளத்துல ஏறி நின்னு வண்டியை நிறுத்த வேண்டியதாச்சு. 2024 ஜூன்ல மெக்சிகோவுல எம்ப்ரஸ்ங்கற நீராவி இன்ஜின் வர்றப்போ பக்கத்துல போய் செல்ஃபி எடுத்த ஒரு பெண் அடிபட்டு அங்கயே இறந்துட்டாங்க.

கரிப்புகை:
அந்த செய்தி எனக்கும் ரொம்ப வலிச்சுது. அதனால தான் சொல்றேன், ஓடுற நேரத்தை ரகசியமா வச்சா கூட்டம் குறையாது, இன்னும் ஆபத்தான இடத்துல போய் நிப்பாங்க. நல்லா தெரியுற இடத்துல வேலி கட்டி, ஆள் போட்டு, இங்க நின்னு பாருங்கன்னு சொல்லணும். அந்தச் செலவையும் டிக்கெட்ல சேர்த்து நடத்துறவங்க தான் குடுக்கணும்.

டைம்டேபிள்:
நூத்துக்கணக்கான மைலுக்கு வேலி கட்ட முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில, வண்டி கம்மியா ஓடுற பாதையில, பின்னாடி ஒரு டீசல் இன்ஜினோட விட்டா நான் எதிர்க்க மாட்டேன். வேலைநாள் பீக் நேரத்துல கூடவே கூடாது.

பாய்லர்மணி:
டீசல் ஏற்கனவே பல வண்டியில பின்னாடி மாட்டித்தான் ஓட்டுறாங்க, அதுல எனக்கு வருத்தமில்ல. ஈடிசிஎஸ் இல்லாத இன்ஜினை அந்தப் பாதையில விடாதீங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். எல்லாத்தையும் பொருத்தி, கதவைப் பூட்டி, நேரமும் ஒதுக்கின பிறகும் மியூசியத்துல வைங்கன்னு சொன்னா அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சிவப்புசிக்னல்:
முதல்ல எல்லாத்தையும் பொருத்தி முடிங்க. அதுவரைக்கும் என் ஓட்டு வேண்டாம் பக்கம் தான்.