ஹேண்ட்லரில் எறியும் பிழை லாகில் விழவே மாட்டேங்குது

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டரை வாங்கும் சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் மெசேஜில் பேசும் வெப் சர்வீஸ்) ஒன்றை ஜாவாவின் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் எழுதியிருக்கிறேன். மெசேஜ் ஒவ்வொன்றாகக் கடந்து போகும் ஹேண்ட்லர் செயினில் முதலில் லாக் ஹேண்ட்லர், அடுத்து பாஸ்வேர்டு பார்க்கும் ஹேண்ட்லர். பாஸ்வேர்டு தப்பாக வந்தால் இரண்டாவதன் ஹேண்டில்மெசேஜுக்குள் (மெசேஜ் கடக்கும்போது ஓடும் மெத்தட்) சாதாரண ரன்டைம்எக்ஸெப்ஷன் எறிகிறேன், லாக் ஹேண்ட்லரின் ஹேண்டில்ஃபால்ட் (பிழை மெசேஜ் கடக்கும்போது ஓடுவது) அதை எழுதிக்கொள்ளும் என்பது என் கணக்கு, ஆனால் ஒரு வரி விழவில்லை. பாஸ்வேர்டு ஹேண்ட்லர் திறக்கும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனையும் அதனுடைய ஹேண்டில்ஃபால்ட்டில்தான் மூடுகிறேன். அதுவும் மூடாமல் நின்று, மத்தியானத்துக்குள் பூல் (தயாராக வைத்திருக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) காலி. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே இரண்டு நாள் போச்சுங்க.

சென்னிமலைக்காரன்:
ஏனுங்க, செயினில் எழுதிய வரிசை வெளியே போகும் மெசேஜுக்குத்தான். உள்ளே வரும்போது அது தலைகீழ், கடைசியில் இருப்பது முதலில் ஓடும். உங்கள் பாஸ்வேர்டு ஹேண்ட்லர் எறியும்போது லாக் ஹேண்ட்லர் இன்னும் தொடங்கவே இல்லை. செக்கிங்கிலேயே நிறுத்திய பீஸைப் பற்றி பேக்கிங்காரரிடம் கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? லாக்கை செயினில் கடைசிக்குத் தள்ளுங்க. வெளியே போகும் பதிலையும் அப்போது அது கடைசி உருவத்தில் பார்க்கும்.

அவினாசிரோடு:
அண்ணா சொன்னது சரி, ஆனால் வரிசையை மட்டும் மாற்றினால் போதாது. சாதாரண ரன்டைம்எக்ஸெப்ஷன் எறிந்தால் யாருடைய ஹேண்டில்ஃபால்ட்டும் ஓடாது, க்ளோஸ் (எல்லாம் முடிந்ததும் கடைசியில் கூப்பிடப்படும் மெத்தட்) மட்டும்தான் ஓடும். சோப்ஃபால்ட்எக்ஸெப்ஷன் எறியுங்கள், அது புரோட்டோகால்எக்ஸெப்ஷன் வகை. அப்போதும்கூட ஏற்கெனவே ஓடி முடித்த ஹேண்ட்லர்களின் ஹேண்டில்ஃபால்ட்தான் கூப்பிடப்படும், எறிந்தவனுடையது கிடையாது. அதனால் கனெக்‌ஷனை க்ளோஸில் மூடுங்கள். ஒருமுறை ஓடத் தொடங்கிய ஹேண்ட்லருக்கு, அது எறிந்திருந்தாலும், க்ளோஸ் வந்தே தீரும். அப்புறம், எறிவதற்குப் பதில் ஹேண்டில்மெசேஜிலிருந்து ஃபால்ஸ் திருப்பிவிடலாமே என்று மட்டும் போகாதீர்கள். வந்த ரிக்வஸ்ட்டே பதிலாகத் திரும்பிப் போகும். ஒருமுறை நான் அப்படிச் செய்து, பையர் பக்கத்து ஆள் "நான் அனுப்பியதையே எனக்கு அனுப்புறீங்க" என்று போனில் கத்தினார்.

நொய்யல்கரை:
மூன்றையும் மாற்றியாச்சுங்க. வேண்டுமென்றே தப்பு பாஸ்வேர்டு போட்டு நாற்பது தடவை அடித்தேன், நாற்பதும் லாகில் இருக்கிறது, பூலும் அப்படியே நிற்கிறது. லாக் ஹேண்ட்லரின் ஹேண்டில்மெசேஜ் ஓடும்போது பாஸ்வேர்டும் சேர்ந்து லாகில் விழுகிறது, அதை இன்றைக்கு ராத்திரியே மறைக்கணும்.