15,000 ரூபாயில் முதல் எலக்ட்ரிக் கிட்டார்: புதியதா, செகண்ட் ஹேண்டா?

வேலந்தாவளம் அண்ணன்:

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் வேலந்தாவளத்தைச் சேர்ந்தவன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்தே வாய்ப்பாட்டு கற்று வரும் என் தங்கை, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு எலக்ட்ரிக் கிட்டார் கற்க வேண்டும் என்கிறாள். கீர்த்தனைகளும் வாசிக்க வேண்டும், திருவிழா மேடைகளில் சேட்டன்மார் வாசிக்கும் ராக் பாடல்களும் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் ஒதுக்கி வைத்திருப்பது 15,000 ரூபாய். கிட்டார், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், கேபிள், பை எல்லாமே இதற்குள் முடிய வேண்டும்.

கோயம்புத்தூர்க் கடை ஒன்றில், நான் பெயர் கேள்விப்படாத ஒரு கிட்டாரையும் சிறிய ஆம்பையும் சேர்த்து ஒரே செட்டாக 11,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். பாலக்காட்டில் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் ஒருவர், தாம் வாசித்து வந்த ஸ்குவையர் ஸ்ட்ராட் கிட்டாரை 9,500 ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார். எங்கள் மாமாவோ, முதலில் மின்சாரம் தேவைப்படாத அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கிக் கொடு, கை பழகிய பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார். எனக்குக் கிட்டாரைப் பற்றி எதுவும் தெரியாது. வழி சொல்லுங்கள்.

கொல்லங்கோடு ஆசிரியர்:

தம்பி, அந்தப் பாலக்காட்டுக் கிட்டாரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கற்க வந்து பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளில் பலர் ஆர்வம் குறைந்து நின்றவர்கள் அல்லர், அழுத்தவே முடியாத கிட்டாரோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர்கள். பெயர் தெரியாத மலிவான செட்களில் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. கழுத்தின் உச்சியில் தந்திகள் படிந்து வரும் நட்டில் காடிகளைப் போதிய ஆழத்துக்கு வெட்டியிருக்க மாட்டார்கள். அதனால் முதல் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்த மிகுந்த பலம் வேண்டும். அழுத்தும்போதே தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். வெறும் தந்தியை மீட்டினால் ட்யூனர் சரி என்று காட்டும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு பிடித்தால் அபசுரமாக ஒலிக்கும். வாய்ப்பாட்டு கற்ற பெண்ணின் காது இதை முதல் நாளே கண்டுகொள்ளும், ஆனால் குறை தன் விரலில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

ஸ்குவையர் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் குறைந்த விலை வரிசை. ஸ்ட்ராட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும், 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தையும் 25.5 அங்குலத் தந்தி நீளத்தையும் அப்படியே பின்பற்றுவதால், உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃபிரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுகளுக்கு மேல் தந்திக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதைவிட மிக அதிகமாக இருந்தாலோ, இடைவெளியே இல்லாவிட்டாலோ, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள்; கழுத்து அசைந்து கொடுக்காவிட்டால் விலை எதுவானாலும் வேண்டாம். பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் கற்பவர் கைக்குப் போதும்.

பொள்ளாச்சிக்காரன்:

ஆசிரியர் ஐயா சொன்ன சோதனை சரியானதுதான். ஆனால், கிட்டாரைப் பற்றி எதுவும் தெரியாது என்று தம்பியே எழுதியிருக்கும்போது, அவரைத் தனியாக அனுப்பிச் சோதிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்யாணக் கச்சேரிக் கிட்டார் என்றால் வியர்வையிலும் அவசரத்திலும் புழங்கிய கிட்டார். ஃபிரெட்டுகள் தேய்ந்திருக்கும், கேபிள் செருகும் ஜாக் தளர்ந்திருக்கும், வால்யூம் குமிழில் தூசி ஏறியிருக்கும். ஃபிரெட் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தால், இந்த விலைக் கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகவே ஆகாது.

குறைந்த விலைக் கிட்டார் என்றாலே குப்பை என்ற காலம் போய்விட்டது. இப்போது கழுத்தையும் உடலையும் கணினி இயக்கும் இயந்திரங்களே வெட்டுகின்றன. யமஹா பசிஃபிகா 012, ஐபனெஸ் கியோ வரிசை, கோர்ட் நிறுவனத்தின் தொடக்க நிலைக் கிட்டார்கள் ஆகியவற்றைக் கோயம்புத்தூரில் கையில் எடுத்துப் பாருங்கள். விலை கடைக்குக் கடை மாறும், பேசிப் பார்க்கலாம். பில்லும் வாரண்டியும் கையில் இருக்கும். முழுப் பணத்தையும் கிட்டாருக்கே போடுங்கள். ஆம்ப் எங்கும் ஓடிவிடாது, ஓணம் போனஸில் வாங்கிக்கொள்ளலாம்.

கொல்லங்கோடு ஆசிரியர்:

ஆம்பைத் தள்ளிப்போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஒலிப்பெட்டி கிடையாது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் தந்தியின் மெல்லிய ஓசைதான் கேட்கும். அது போதாமல் பிள்ளை ஓங்கி அடிக்கத் தொடங்குவாள், வலது கை முரடாகிவிடும். அதைவிட முக்கியமானது, இந்த வாத்தியத்தில் வாசிக்கும் தந்தியை ஒலிக்கச் செய்வது பாதி வேலை. வாசிக்காத தந்திகளை இரு கைகளாலும் அமுக்கி வைப்பது மறு பாதி. ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் கவனிக்காத தந்தி ஒவ்வொன்றும் உறுமும், அப்போதுதான் கை கற்றுக்கொள்ளும். ஓணம் வரை ஆம்ப் இல்லாமல் பழகியவளுக்கு அந்தப் பாதி பாடம் தொடங்கியே இருக்காது.

சித்தூர் சங்கீத ஆசிரியை:

தந்திகளின் கீழ் முனையை உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீர்த்தனை வாசிக்க விரும்பும் பெண்ணுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

கிட்டாரில் கமகம் என்பது பெரும்பாலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் விரலை வழுக்கியும் வருவது. ஸ்ட்ராட் வகைக் கிட்டார்கள் பலவற்றில் பிரிட்ஜ் உடலின் பின்பக்க ஸ்பிரிங்குகளின் இழுவையில் மிதந்து நிற்கிறது. ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜ் சற்றே முன்னால் சாயும். உடனே மற்ற தந்திகளின் சுருதி இறங்கும். ஸட்ஜமத்தைக் கீழ்த் தந்தியில் சுருதியாக நிறுத்திக்கொண்டு மேல் தந்தியில் காந்தாரத்தை அசைத்தால், அசைக்கும் ஒவ்வொரு முறையும் அடிச்சுருதியே தள்ளாடும். தம்புராவோடு பாடிப் பழகிய பெண்ணால் இதைத் தாங்க முடியாது. இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு: பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து நிற்கும்படி செய்துவிடலாம். தந்தியைப் பூட்டி வைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ் உள்ள கிட்டாரை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல் கிட்டாராக எடுக்க வேண்டாம். ஒரு தந்தி மாற்றுவதற்கே அவள் பாடுபட வேண்டியிருக்கும்.

தந்தி 9-42 அளவே போதும் (மிக மெல்லிய தந்தியும் மிகத் தடித்த தந்தியும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பதே இந்த எண்கள்). உங்கள் மாமாவுக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. அக்கூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12-53 தந்தியை ஒரு முழு ஸ்வரம் இழுப்பதற்குள் விரல் கன்றிவிடும். இழுத்தாலும் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலக்ட்ரிக் மாண்டலினில்தான் அத்தனை கமகங்களையும் வாசித்தார். கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் கையிலும் எலக்ட்ரிக்தான் இருந்தது. தங்கை கேட்பது சரியான வாத்தியம். அக்கூஸ்டிக் வழியாகச் சுற்றிப்போக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வாளையாறு மின்பணியாளர்:

ஆம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. வீட்டில் எர்த் சரியில்லாமல், கிட்டார் ஆம்பும் மைக் ஆம்பும் வேறு வேறு பிளக்குகளில் ஓடினால், தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். தங்கை பாடகி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செட்டோடு வரும் ஆம்பை வாங்குவதானால் முதலில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், கிட்டாரில் நேராகச் செருகும், பேட்டரியில் ஓடும் ஹெட்ஃபோன் ஆம்பே முதல் ஆண்டுக்குப் போதும். கரண்டு போனாலும் வாசிக்கலாம், வீட்டாரின் தூக்கமும் கெடாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், ஒலி தாமதித்து வந்து தாளம் பிசகும். வயர் உள்ளதே சரி.

வேலந்தாவளம் அண்ணன்:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்னபடி பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தோம்; தங்கையும் வந்தாள். விசிட்டிங் கார்டு சோதனையில் கழுத்து நன்றாக இருந்தது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஆம்பில் செருகி ஒவ்வொன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாகத் தட்டினார் அவர். மூன்றிலும் டொக் என்று கேட்டது. ஆனால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில், மெல்லிய தந்திகளுக்கு நேர்கீழே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. கழுத்தின் ஓரத்தில் ஃபிரெட் முனைகளும் விரலில் லேசாக இடறின.

பொள்ளாச்சிக்காரன்:

நான் அஞ்சியது இதைத்தான். வெறும் கார்டு வாசிப்பவருக்கு அந்தப் பள்ளம் பெரிதல்ல. கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பவருக்கோ, தந்தி பள்ளத்தின் கரையில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் தட்டும், அசைவு வழுவழுப்பாக வராது. சித்தூர் ஆசிரியை சொன்ன வாசிப்புக்கே இந்தக் கிட்டார் தடையாக நிற்கும். 9,500 கொடுத்து, அதன்மேல் ஃபிரெட் வேலையும் பார்ப்பதென்றால், புதிய கிட்டாரின் விலைக்கு மிக அருகில் போய்விடுவீர்கள்.

கொல்லங்கோடு ஆசிரியர்:

முனை இடறுவது கிட்டாரின் குற்றம் இல்லை, நம் ஊர்க் காற்றின் வேலை. விருச்சிக மாதத்துக் (கார்த்திகை) காற்று தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதெல்லாம் உலர்ந்த காற்று. மரம் ஈரம் இழந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே தலைகாட்டும். புதிய கிட்டார் வாங்கினாலும் நம் பக்கத்தில் இது நேரும். நயமான அரத்தால் ஒருமுறை ராவிவிட்டால் தீர்ந்தது. வேலந்தாவளம், வடகரப்பதி பக்கம் மழையும் குறைவு என்பதால், கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தைப் பற்றி நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்கு ஃபிரெட்டை மாற்ற வேண்டியதில்லை. நகத்துக்குத் தட்டுப்படும் அளவுப் பள்ளம் என்றால், எல்லா ஃபிரெட்டுகளையும் சமமாக ராவி, உச்சியை மறுபடி உருட்டி, மெருகேற்றிவிடலாம். உலோகம் இன்னும் உயரமாக நிற்கிறதா என்பதே கேள்வி. பத்தாவது ஃபிரெட்டுக்கு மேல் பெரும்பாலும் தேய்மானம் குறைவாகவே இருக்கும். அதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும்.

பொள்ளாச்சிக்காரன்:

அப்படியானால் அந்தச் செலவை விற்பவர்தான் ஏற்க வேண்டும். 8,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இறங்கி வராவிட்டால் தயங்காமல் திரும்பி, கோயம்புத்தூருக்குத் தங்கையை அழைத்துப் போய், ஆசிரியரின் சோதனையை அங்கேயும் செய்து, அவள் கையாலேயே தந்தியை இழுத்துப் பார்க்கச் செய்து புதியதை வாங்குங்கள். பேரத்தில் 1,500 ரூபாய் குறையாத பழைய கிட்டார் உங்களுக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சித்தூர் சங்கீத ஆசிரியை:

தம்பி, எதை வாங்கினாலும் கைக்கு வந்ததும் புதுத் தந்தி மாற்றிவிடுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைக்கச் சொல்லுங்கள். துருவேறிய தந்தியில் விரல் வழுக்காது.

வேலந்தாவளம் அண்ணன்:

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன விலையையே கேட்டேன். 8,500 ரூபாய்க்கு வந்தார், பையும் கேபிளும் சேர்த்துத் தருகிறார். மேல் ஃபிரெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், தேய்ந்த இடத்திலும் உலோகம் நன்றாகவே உயர்ந்து நிற்கிறது. ஆசிரியர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைக் கொல்லங்கோட்டுக்குக் கொண்டு வருகிறோம். ஃபிரெட் ராவுவதற்கும் பிரிட்ஜைப் படிய வைப்பதற்கும் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். ஹெட்ஃபோன் ஆம்புக்கு 3,500 எடுத்து வைத்துவிட்டேன், கையில் மீதி 3,000 இருக்கிறது.