வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயில்: ஆகஸ்ட் கடைசியில் மாமாவுடன் போகிறோம், ஓத அட்டவணையை எப்படிப் பார்ப்பது?

கொங்கு வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகக் கனடாவில், பர்னபியில் இருக்கிறேன். சொந்த ஊர் கோவைக்கு மேற்கே, பேரூர் பக்கம். வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயில் நடக்க ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வடக்கே பச்சீனா பேயில் தொடங்கித் தெற்கே கோர்டன் ரிவரில் முடிக்கிறோம். 75 கிலோமீட்டர், ஏழு நாள். நானும் தம்பியும், ஊரிலிருந்து வரும் தாய்மாமாவும் போகிறோம்.

மாமாவுக்கு வயது 58. வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவர். மூங்கில் தடி ஒன்று போதும், ஏழு மலையும் ஏறி இறங்கிவிடுவார். ஆனாலும் அம்மா தினமும் தொலைபேசியில், "அவனைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகாதே" என்கிறார். அவரால் முடியுமா என்று நடந்தவர்கள் சொல்ல வேண்டும்.

என்னைக் குழப்புவது, கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணை. சில இடங்களில் காட்டு வழி, கடற்கரை வழி என இரண்டு இருக்கின்றன. கடற்கரை வழியில் எப்போது இறங்குவது, எப்போது கூடாது? மலை நாட்டுக்காரனுக்கு இது பிடிபடவில்லை. மூவரும் சைவம், சாப்பாட்டுக்கும் யோசனை சொல்லுங்கள்.

முல்லைக்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. விக்டோரியாவில் மருத்துவத் தாதியாக வேலை செய்கிறேன். 2016, 2018, 2022 என மூன்று முறை இந்தப் பாதையை முழுமையாக நடந்திருக்கிறேன். மூன்று முறையும் நீங்கள் போகும் திசையில்தான். அந்தத் திசை நல்லது. கடினமான பகுதி முழுவதும் தெற்கில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது பையில் சாப்பாடு குறைந்திருக்கும், காலும் பழகியிருக்கும்.

மாமாவின் நெஞ்சுரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளியங்கிரியில் அவர் முதுகில் பதினைந்து கிலோ இருந்திருக்காது. இங்கே செங்குத்தான மரஏணிகளில் அந்தச் சுமையோடு ஏற வேண்டும். கல்லைட் ஓடையில் ஒரு கரையில் ஏணி ஏணியாக இறங்கி, மறு கரையில் அதே போல ஏற வேண்டும். மழையில் மரப்படி சோப்புத் தேய்த்த தரை மாதிரி வழுக்கும். இன்றைக்கே தொடங்கி, அரிசி மூட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஊரில் படியேறிப் பழகச் சொல்லுங்கள். உங்கள் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் எவரும் சுமக்காதீர்கள். ரப்பர் பிடியுள்ள கையுறை ஆளுக்கொரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பல பத்துப் பேரை மீட்புப் படகிலோ ஹெலிகொப்டரிலோ வெளியே எடுக்கிறார்கள். பெரும்பாலும் கணுக்கால், முழங்கால். கரடி கடித்துப் போகிறவர்கள் இல்லை, பலகையில் வழுக்கிப் போகிறவர்கள்தான்.

இனிக் கடல். நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். கடல் ஏறி இறங்குவதை வற்றுப்பெருக்கு என்று பள்ளியில் படித்தேனே தவிர, எங்கள் கரையில் அதைப் பெரிதாகக் கண்டதில்லை. அங்கே கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். இங்கே அது மூன்று மீட்டர் வரை, சில நாட்களில் அதற்கு மேலும் ஏறி இறங்குகிறது. காலையில் சமதரையான பாறை மேடையாக நீங்கள் நடந்த இடம் மத்தியானம் ஆளை மூடும் கடலாக இருக்கும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கடல், நடுவில் நீங்கள்.

இந்தப் பாதைக்கு டொஃபினோ துறைக்கான அட்டவணையைப் பார்க்க வேண்டும். நாள், நேரம், மீட்டரில் உயரம் என்று எழுதியிருக்கும். உங்களுக்கு மிக முக்கியமான இடம் ஓவன் பாயின்ட், கிட்டத்தட்ட 67ஆவது கிலோமீட்டர். அங்கே கடல்மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் முனையைச் சுற்றிக் குகைகளுக்குள்ளால் போகலாம். அதற்கு மேலே என்றால் வழியே இல்லை.

2018இல் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பழைய அச்சு அட்டவணைகள் சில வழமையான நேரத்தில் இருக்கும். அதைவிட ஒரு மணி முன்னே இருக்கும் கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும் என்பதால், கையில் இருந்த தாளிலும் ஒரு மணியைக் கூட்டினேன். அந்தத் தாளில் அது முன்னமே கூட்டப்பட்டிருந்தது! அடியில் சிறிய எழுத்தில் எழுதியும் இருந்தது, நான் வாசிக்கவில்லை. அதனால் வற்று, அதாவது கடல் மிகத் தாழும் நேரம், ஒன்பதரை மணிக்கு என்று நினைத்தேன். உண்மையில் எட்டரைக்கே வற்றி, கடல் திரும்பிவிட்டது.

முந்தைய முகாமான கேம்பர் பேயிலிருந்து மெல்ல வந்து, பாறை மேடையில் இறங்கியபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பாறைக் குழிகளில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. பச்சைக் கடற்சாமந்தி, ஊதா நிறத்தில் நட்சத்திர மீன், கறுப்பாக மட்டி. கூட வந்த தோழி குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழியைப் பார்த்தபடி நின்றேன். அதன் விளிம்பு நடுங்கியது. காற்றில்லை. சிறிது நேரத்தில் மறுபடியும் நடுங்கியது, கூடவே பாறை வெடிப்பு வழியாக ஒரு நாக்குத் தண்ணீர் உள்ளே வந்து குழியில் சேர்ந்தது. வற்றுகிற கடல் குழிக்குத் தண்ணீர் தராது. அந்த நொடியில் எனக்கு விளங்கியது. முனைக்குப் போய்ப் பார்த்தோம், குகை வாயிலில் இடுப்பளவு நுரை. ஒரு கிலோமீட்டர் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தோம். வரும்போது ஒரே எட்டில் தாண்டிய வெடிப்பொன்றில் இப்போது அலை புகுந்து மேலே சீறிக்கொண்டிருந்தது. அது பின்வாங்கும் தருணத்துக்காக மூன்று அலைகளை எண்ணி நின்றுதான் கடந்தோம். பிறகு காட்டு வழியேறி, வேரிலும் சேற்றிலும் தவழாத குறையாக, இருட்டும் நேரத்தில் அடுத்த முகாமான த்ராஷர் கோவ் வந்து சேர்ந்தோம்.

ஆகவே தம்பி, உங்கள் தாள் எந்த நேரத்தில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தொடங்கும் முன் பூங்கா அலுவலர்கள் கட்டாயமாக ஒரு விளக்கக் கூட்டம் வைப்பார்கள். அதில் உங்கள் தாளை அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். வற்றி முடிவதற்கு ஒன்றரை மணி முன்பே முனையில் நில்லுங்கள். இறங்குகிற கடலோடு போனால் பிழைக்கும் நேரம் கையில் இருக்கும். கடற்கரையிலிருந்து காட்டுக்குள் ஏறும் இடங்களில் பழைய மீன்வலை மிதவைகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று தூரத்திலேயே தெரியும். ஒவ்வொரு மிதவையையும் கடக்கும்போது "இதுதான் திரும்புகிற வாசல்" என்று மூவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பச்சீனா பேயில் நடக்கத் தொடங்கும் முன் சிறிது நேரம் அந்த மணலில் நில்லுங்கள். 1700ஆம் ஆண்டு ஜனவரி 26 இரவு இந்தக் கரை நெடுகப் பெரும் நிலநடுக்கம் வந்து, பின்னால் கடல் எழுந்தது. பச்சீனாவில் இருந்த ஊர் அந்த இரவே போய்விட்டது. அந்தக் கரையின் பூர்வகுடிகளான ஹூ-ஏ-ஆட் மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்து வந்திருக்கிறார்கள். அதே அலை ஜப்பானில் போய் மோதியதை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவைக் கொண்டுதான் நாள் கணிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் ஊர் போனது. முதன்முறை அந்த மணலில் நின்றபோது பையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தரை குலுங்கினால் கூடாரத்தை விட்டுவிடுங்கள், பையை விட்டுவிடுங்கள், மேட்டுக்கு ஏறுங்கள். சைரன் ஒன்றும் உங்களுக்குக் கேட்காது.

கல்கரி கதிர் எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மாமா கனடாவுக்கு வந்து இறங்கியதும் நேரே இதற்கா? பக்கத்திலேயே ஹுவான் டி ஃபூகா பாதை இருக்கிறது. 47 கிலோமீட்டர், சைனா பீச்சிலிருந்து பொட்டானிக்கல் பீச் வரை. அதே காடு, அதே கடல், அதே சேறு. பெரிய வேறுபாடு, இடையில் சொம்ப்ரியோ, பார்க்கின்சன் கிரீக் ஆகிய இடங்களில் சாலைக்கு வெளியேறலாம். முழங்கால் பிசகினால் அன்றே காரில் ஏறிவிடலாம். வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயிலில் நடுவழியில் நிட்டினாட் நாரோஸ் படகுத்துறை தவிர வெளியேற வழியில்லை. ஹுவான் டி ஃபூகாவில் புயலுக்குப் பிறகு சில பகுதிகளை மூடிவிடுவார்கள், அதனால் போகும் முன் மாகாணப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். பேர் பீச்சுக்கும் சின் பீச்சுக்கும் இடையே ஒரு நாள் ஏறி இறங்கினால் மாமாவின் கால் எதைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன், மறு ஆண்டுதான் பெரிய பாதைக்குப் போனேன்.

முல்லைக்கரை எழுதியது:

கதிர் சொல்வது நியாயம். அனுமதி கையில் இருப்பதால் விட மனம் வராது, எனக்கும் வந்திருக்காது. ஒரு வாரம் முன்னதாக மாமாவை வரவழைத்து, ஹுவான் டி ஃபூகாவில் ஓரிரவு தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாப்பாட்டை மறந்துவிட்டேன். சோற்றையும் பருப்பையும் வேக வைத்து, ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் மொறுமொறுவென்று காய வைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினேன். கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் சோறு. காலைக்கு அவலும் சீனியும் பால்மாவும். வறுத்த உளுத்தம்மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை ஏணி ஏறும் நாட்களில் உயிர் கொடுக்கும். மிளகு ரசப்பொடியை மட்டும் தாராளமாக எடுங்கள். இந்தக் கரையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அது கோவையின் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கோடையில் குறைவுதான், ஆனால் ஆகஸ்டில் மூடுபனி இறங்கினால் மத்தியானம் வரை எதுவும் உலராது. நனைந்த உடம்போடு கூடாரத்துக்குள் சூடான ரசம் குடித்துப் பாருங்கள்.

ஒரு நாளுக்கான சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். பெருமழைக்குப் பின் ஓடைகள் பொங்கினால் கடக்கக் கூடாது, கரையில் காத்திருக்க வேண்டும். ஓடையில் கால் வைக்கும் முன் பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை போகட்டும், ஆள் மேலே வரவேண்டும். பெரிய முகாம்களில் உணவு வைக்க இரும்புப் பெட்டிகள் உண்டு. பற்பசை, மாமா வெற்றிலை போடுவாரென்றால் அந்தப் பெட்டி, எல்லாம் அதற்குள் போக வேண்டும். கரடி, ஓநாய், மலைச்சிங்கம் மூன்றும் அங்கே குடியிருக்கின்றன.

பத்தாவது கிலோமீட்டரில் பச்சீனா பாயின்ட் கலங்கரை விளக்கம் வரும். 1906 ஜனவரியில் வலென்சியா என்ற கப்பல் அந்தப் பக்கத்துப் பாறையில் மோதி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரை கண்ணுக்கெதிரே இருந்தும் ஒரு பெண்ணோ குழந்தையோ தப்பவில்லை. அதன் பிறகுதான் பழைய தந்திக் கம்பித் தடத்தைத் திருத்தி, கரையேறுகிறவர்கள் நடந்து பிழைக்க இந்தப் பாதையை அமைத்தார்கள். மாமாவுக்கு அங்கே நின்று சொல்லுங்கள்.

கொங்கு வழிப்போக்கன் எழுதியது:

அக்கா, கதிர் அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மாமாவிடம் பேசினேன். ஒரு வாரம் முன்னதாக டிக்கெட்டை மாற்றிவிட்டோம். அரிசி மூட்டையோடு மருதமலைப் படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிட்டார், அத்தை படம் அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டியதும் இரண்டு நாளாகத் திட்டவில்லை.

அட்டவணையோடு உட்கார்ந்தேன். என் தாள் கோடை நேரத்தில்தான் இருக்கிறது, அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தேன். ஆறாம் நாள் வற்று காலை பத்தரைக்கு. அன்று கேம்பர் பேயிலிருந்து ஓவன் பாயின்டுக்கு ஐந்து கிலோமீட்டர்தானே, ஏழு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்குமா?

முல்லைக்கரை எழுதியது:

சரியாக இருக்காது. அந்த ஐந்து கிலோமீட்டரில் பெரும்பகுதி காட்டு வழி. வேரும் சேறும் விழுந்த மரமுமாக மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கடப்பதே பெரிது. ஒன்பது மணிக்கு நீங்கள் முனையில் நிற்க வேண்டும். ஐந்துக்கு எழும்புங்கள், இருட்டிலேயே கூடாரத்தைச் சுருட்டி வையுங்கள், வெளிச்சம் வரத் தொடங்கியதும், ஆறு மணிக்கு முன்பே, நடங்கள். ரசம் வைக்க அன்று நேரமிருக்காது, உளுந்து உருண்டையை முதல் நாளிரவே மூவருக்கும் தனித்தனிப் பையில் போட்டு, வாய் கட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். நேரம் பிந்திவிட்டால் கடற்கரைக்கு இறங்கவே வேண்டாம், காட்டு வழியிலேயே த்ராஷர் போய்விடுங்கள்.

நாரோஸ் படகுத்துறையில் பூர்வகுடிகளான டிடிடாட் மக்கள் நண்டும் சல்மனும் சமைத்து விற்பார்கள். நீங்கள் சைவம் என்பதால் கிழங்கு கேளுங்கள், ரொக்கமாகப் பணம் கொண்டு போங்கள்.