நள்ளிரவு 1.40-க்கு பெங்களூரில் இறங்கி, அப்படியே காரை எடுத்துக்கொண்டு சேலம் போகலாமா?

ஸ்டுட்கார்ட் சேலத்தான்

போகி அன்று, ஜனவரி 14 அதிகாலை 1.40-க்கு, பிராங்க்ஃபர்ட் விமானத்தில் கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்குகிறோம். நான், மனைவி, நான்கு வயது மகள். செல்ஃப் டிரைவ் கார் ஒன்றைப் பத்து நாளுக்கு எடுத்து, அங்கிருந்தே சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். மனைவிக்கு கார் ஓட்டத் தெரியாது. என் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் இன்னும் செல்லுபடியாகிறது. இந்தச் சாலையில் முன்பு பல தடவை ஓட்டியிருக்கிறேன். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு வீடு. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறேன், அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். பெங்களூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள், செய்யலாமா?

அல்சூர் ஏரிக்கரை

செய்யாதீர்கள். நான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

2022 டிசம்பர். நானும் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தேன். இரண்டரை மணிக்கு வாடகைக் காரை வாங்கிக்கொண்டு தருமபுரிக்குக் கிளம்பினேன். கண் திறந்தேதான் இருந்தது. ஓசூர் நினைவிருக்கிறது. சூளகிரியில் ஒரு டீக்கடையின் டியூப் லைட் நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவில் இருப்பது காவேரிப்பட்டணம் தாண்டி, பின் சீட்டிலிருந்து மகன் "அப்பா, லாரி!" என்று கத்தியதுதான். கண்ணெதிரே லாரியின் பின்பக்கம்: சிவப்பு ஒட்டுப்பட்டை, சேறு படிந்து பாதி மறைந்த நம்பர். பிரேக்கை மிதித்துத் தப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வாடகைக் கணக்கு வந்தது. அதில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, அதிகாலை 4.52 என்று இருந்தது. அங்கே நான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், கட்டை உயரும்வரை நின்றிருக்க வேண்டும், மறுபடி கியர் மாற்றியிருக்க வேண்டும். ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஓசூர் சாலை

அண்ணன் சொன்னதைப் படித்து மனம் பதறியது. ஆனாலும் தம்பி, நீங்கள் வரும் நாள் போகி. அதை யாரும் யோசிக்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாக மாதம் இருமுறை இந்தச் சாலையில் போய்வருகிறேன். விமான நிலையத்தில் மூன்று மணிக்குக் கிளம்பினால் ஹெப்பாள், சில்க் போர்டு என்ற நெரிசல் சந்திப்புகள் எல்லாம் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தை ஒரு மணி நேரத்தில் விட்டு இறங்கிவிடலாம். அதே தூரம் போகியன்று காலை ஒன்பது மணிக்கு? ஹெப்பாளிலேயே வண்டி நகராது. இந்த ஊரில் இருக்கும் தமிழர்கள் பாதிப்பேர் அன்றைக்குத்தான் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிறார்கள். மாநில எல்லையில் அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் குழந்தை அழும், இன்ஜின் சூடாகும், அந்த அசதியும் அசதிதான்.

இன்னொன்று. இங்கே மூன்று மணி என்றால் ஜெர்மனியில் முந்தைய இரவு பத்தரை. தம்பியின் உடம்பு இன்னும் அந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். இங்கேயே படுத்து நடுராத்திரியில் எழுந்து ஓட்டுகிறவனைவிட அவர் தெளிவாகவே இருப்பார்.

அல்சூர் ஏரிக்கரை

பத்தரை மணி என்பது சரி. எப்போது எழுந்தார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். தம்பி, விமானம் ஏற அன்று எத்தனை மணிக்கு எழுவீர்கள்?

ஸ்டுட்கார்ட் சேலத்தான்

ரயில் பிடித்து பிராங்க்ஃபர்ட் வர வேண்டும். ஐந்தரைக்கு எழுந்தால்தான் முடியும். விமானத்தில் தூங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் போன முறை மகள் மடியிலேயே இருந்தாள், மொத்தமாக ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பேன்.

அல்சூர் ஏரிக்கரை

ஜெர்மனியில் காலை ஐந்தரை என்றால் நமக்குக் காலை பத்து. சாவி கையில் கிடைக்கும் மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். இந்தப் பதினேழுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1997-இல் நேச்சர் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் திறன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போட 0.03 சதவீதம் போதும். அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. சாவியை வாங்கும்போதே அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மணி ஆறேகால் ஆகும். அப்போது ஜெர்மனியில் நள்ளிரவு ஒன்றே முக்கால். உடம்பு எந்த ஊர் நேரத்தில் இருந்தாலும் அது தூங்கும் நேரம். சரிவில் லாரிகள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அந்த இரட்டைப் பாலத்தில் நான்கு விநாடி கண் சொக்கினால் என்ன ஆகும்? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

ஓசூர் சாலை

தொப்பூரைச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். அந்த இறக்கத்தில் எனக்கும் பயம் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்து எண்ணை அப்படியே சாலைக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. கிருஷ்ணகிரியில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடி, காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர். அவர்களெல்லாம் வீடு சேரவில்லையா?

ராமமூர்த்தி நகர்

குட்டித் தூக்கமும் காபியும் உதவும், உண்மைதான். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கிருஷ்ணகிரிக்குப் பிறகும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நான் வேறொரு விஷயம் சொல்ல வந்தேன். என் தம்பி இரண்டு ஆண்டுகள் வாடகைக் கார்களைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலை பார்த்தான். இரவு இரண்டு மணிக்குப் பார்க்கிங்கில் காரை வாங்குகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை என்பான். குழந்தை தோளில் தூங்கும், பெட்டிகள் நான்கு இருக்கும், கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிறகு பம்பரில் கீறல், டெபாசிட் திரும்பவில்லை என்று சண்டை. பகலில் வாங்குங்கள். சுற்றிவந்து வீடியோ எடுங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள், பெட்ரோல் முள்ளையும் கிலோமீட்டரையும் படம் பிடியுங்கள். முக்கியமாக நம்பர் பிளேட். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது செல்ஃப் டிரைவுக்கு அனுமதி பெற்ற கார். வெள்ளைப் பலகை என்றால் யாரோ ஒருவரின் சொந்தக் கார். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். மாநில எல்லை தாண்டுகிறீர்கள், அதற்கான பர்மிட்டையும் கேட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கையைப் பெரும்பாலும் தர மாட்டார்கள், ஜெர்மனியிலிருந்தே கொண்டுவாருங்கள்.

ஓசூர் சாலை

அக்கா சொல்வது நல்ல யோசனை. அப்படியானால் ஓட்டுநரோடு டாக்சி பிடித்து இரவே போகட்டுமே? அவரும் தூங்கலாம், பிள்ளையும் தூங்கும். கூட்டத்துக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிடலாம்.

அல்சூர் ஏரிக்கரை

அந்த ஓட்டுநர் எப்போது தூங்கினார் என்று கேட்டுவிட்டு ஏறுவதாக இருந்தால் சரி. காலையிலிருந்து நகருக்குள் ஓட்டிவிட்டு, இரவில் வெளியூர் வாடகை கிடைத்தது என்று வருகிறவரும் உண்டு.

ஓசூர் சாலை

இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் அண்ணன் மகன் டாக்சிதான் ஓட்டுகிறான். பகலில் தூங்கி இரவில் ஓட்டுவது அவனுக்குத் தொழில். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அல்சூர் ஏரிக்கரை

மன்னியுங்கள் ஐயா, அவரைப் போன்றவர்களைச் சொல்லவில்லை. தெரிந்த ஓட்டுநர், பகலில் தூங்கியவர் என்றால் நானே அனுப்பிவைப்பேன். இருந்தாலும் ஜனவரி அதிகாலையில் தேவனஹள்ளிப் பக்கம் பனிமூட்டம் இறங்கும். விமானங்களே காத்திருக்கும் பனி அது. அதில் எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் முன்னால் போகும் வண்டி தெரியாது.

ராமமூர்த்தி நகர்

கூட்டத்துக்கு என் யோசனை: நகருக்குள்ளேயே நுழையாதீர்கள். தேவனஹள்ளியிலிருந்து ஹொசகோட்டே, சர்ஜாபூர், அத்திப்பள்ளி என்று ஓசூருக்கு ஒரு நெடுஞ்சாலை போகிறது. லாரிகள் அதிகம், ஆனால் ஹெப்பாளும் சில்க் போர்டும் கிடையாது. தூங்கி எழுந்து பகல் பதினொரு மணிக்கு அந்த வழியில் கிளம்புங்கள்.

ஓசூர் சாலை

வழி சரி. அத்திப்பள்ளியில் எப்படியும் அந்தக் கூட்டத்தோடுதான் சேர வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். பதினொன்று வேண்டாம் தம்பி, ஒன்பதரைக்கே கிளம்புங்கள்.

ஸ்டுட்கார்ட் சேலத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஏரிக்கரை அண்ணன் சொன்ன அந்தச் சுங்கச்சாவடிக் கணக்கை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் மகளின் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அப்பாவுக்குப் போன் செய்தேன். "பானை 15-ஆம் தேதிதான் வைக்கிறோம், 14 சாயங்காலம் வந்தால் போதும்" என்றார். அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு" என்றார். இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுக்கிறேன். காரைக் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். வழி ஹொசகோட்டே. பத்து மணிக்குக் கிளம்புகிறேன், ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில்.

அல்சூர் ஏரிக்கரை

நிம்மதியாக இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறைக்குப் போவது 14-ஆம் தேதி மூன்று மணிக்கு என்றாலும், ஹோட்டல் கணக்கில் அது 13-ஆம் தேதி இரவு. 14 என்று பதிவு செய்துவிட்டால் மதியம் வரை அறை கிடைக்காது. பெட்டிகளோடும் குழந்தையோடும் வரவேற்பறை சோபாவில்தான் உட்கார வேண்டியிருக்கும். 13 என்று போடுங்கள், நள்ளிரவுக்குப் பிறகுதான் வருவேன் என்று போனில் சொல்லியும் வையுங்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்று எண்ணி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.