அப்பாவின் ஸ்டுடியோ நெகட்டிவ்களுக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

மோல்மீன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்க அப்பா பர்மாவில் மோல்மீனில் 1958இலிருந்து சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். இந்த மாசியில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரண்மேல் ஏழு பிஸ்கட் தகரம் அகப்பட்டது. ஏழிலும் நெகட்டிவ். முக்கால்வாசி கறுப்பு வெள்ளை, சதுரமாக இருக்கும் 120 ஃபிலிம். எண்ணினால் 1,400க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதோடு சித்தப்பா எடுத்த 35 மி.மீ. கலர் நெகட்டிவ் கொஞ்சம், அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடு அறுபது.

1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுச் செல்லாமல் போனது, நம் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது எல்லாம் உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். ஏறுவதற்கு முன்னால் குடும்பத்தோடு வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்களாம். படம் அவர்களோடு போய்விட்டது, நெகட்டிவ் அப்பாவிடம் நின்றுவிட்டது. ஒவ்வொரு உறைமேலும் பெயர், தேதி, எத்தனை காப்பி என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வியாசர்பாடியிலோ திருச்சியிலோ இருப்பார்கள். அவர்களுக்கு அனுப்பும் தரத்தில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

கடைக்காரர் கையளவு பெட்டி ஒன்றைக் காட்டி, 22 மெகாபிக்சல், எல்லா ஃபிலிமும் எடுக்கும் என்கிறார். பன்னிரண்டு லட்சம் கியாட்டுக்கு மேல் என்னால் முடியாது. கரண்ட் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியும். மழை பிடிப்பதற்குள் தொடங்க ஆசை. எதை வாங்கட்டும்?

பெகு தம்பி:

அக்கா, அந்தப் பெட்டியை வாங்காதீங்க. அது மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. எது என்று சொல்ல வேண்டாம், எல்லாம் ஒரே வகைதான். உள்ளே சின்ன கேமரா, பின்னால் வெள்ளை விளக்கு, ஒரே சொடுக்கு. 35 மி.மீ. ஃபிலிமும் அதைவிடச் சின்னதும்தான் நுழையும். உங்க சதுர நெகட்டிவை அதில் வைக்கவே முடியாது.

எங்க அம்மா கல்யாணப் படத்தை அதில் எடுத்தேன். பட்டுச்சேலையின் மடிப்பெல்லாம் வெள்ளையாக வெந்து போய் வந்தது. ஜேபெக் என்ற சுருக்கிய கோப்பு மட்டும்தான் தருகிறது, அதனால் பிறகு சரிசெய்யவும் வழியில்லை. ஒரு நல்லது சொல்ல வேண்டும் என்றால், யூஎஸ்பி கம்பியில் ஓடும். கரண்ட் இல்லாத ராத்திரியிலும் பவர்பேங்க் சொருகி வேலை பார்த்தேன். அதற்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ரங்கூன் அச்சகத்தார்:

தங்கச்சி, நான் முப்பது வருஷம் அச்சு வேலையில் ஸ்கேனரோடு உட்கார்ந்தவன். உங்களுக்கு வேண்டியது மூடியிலும் விளக்கு உள்ள ஃபிளாட்பெட், அதாவது கண்ணாடிமேல் படுக்க வைத்து எடுக்கும் ஸ்கேனர். சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் விளக்கு கீழே மட்டும் இருக்கும், அதில் நெகட்டிவ் வைத்தால் இருட்டாகத்தான் வரும். எப்சன் வி600 உங்க கணக்குக்குப் பொருந்தும். புதிதாக வாங்கினால் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டலாம், பழையது தேடுங்க. 120க்கு ஒரு தாங்கியும், 35க்கும் ஸ்லைடுக்கும் சேர்த்து இன்னொரு தாங்கியும் கூடவே வரும், அது இல்லாமல் விற்றால் வாங்காதீங்க.

டப்பாமேல் 6,400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6,400 புள்ளி என்று போட்டிருக்கும். அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. சோதித்துப் பார்த்தவர்களுக்கு உண்மையில் கிடைத்தது 1,600க்குப் பக்கம். உங்க சதுர நெகட்டிவ் ஒரு பக்கம் 56 மி.மீ. 1,600 என்றாலே 3,500க்கு 3,500 புள்ளி வந்துவிடும், பதினோரு அங்குலச் சதுரத்தில் கூர்மையாக அச்சடிக்கலாம். அதே இயந்திரத்தில் 35 மி.மீ. போட்டால் 2,268க்கு 1,512தான். போஸ்ட் கார்டு அளவுக்கு நன்றாக இருக்கும், பெரிதாக்கினால் மங்கும். 35 மட்டும் இருப்பவர்களுக்கு பிளஸ்டெக் 8100 மாதிரித் தனி ஃபிலிம் ஸ்கேனர் இதைவிடக் கூர்மை. ஆனால் 120 அதில் போகாது. உங்க பொக்கிஷம் 120இல் இருக்கிறது, சித்தப்பாவின் சுருளுக்காக அதை விடாதீங்க.

தூசியைத் தானே அழிக்கும் டிஜிட்டல் ஐஸ் என்ற வசதியைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். கறுப்பு வெள்ளையில் அதைக் கண்டிப்பாக அணைத்து வையுங்க. அது அகச்சிவப்பு ஒளியில் தூசியைத் தேடுவது. கலர் ஃபிலிமின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அது ஒளியை மறிக்கும். ஸ்கேனர் முகத்தைத் தூசி என்று நினைத்து மெழுகிவிடும். கண்ணும் புருவமும் கரைந்து வந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. ஊதுபந்தும் மென்மையான தூரிகையும் போதும்.

ஸ்கேனரில் வைக்க வேண்டியது 2,400 டிபிஐ, 16 பிட் கிரே, சுருக்காத டிஃப் கோப்பு. கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்க. ஒரு படம் 56 எம்பி வரும், 1,400க்கு 80 ஜிபிக்குள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்க. உறையையும் கூடவே ஸ்கேன் பண்ணுங்க, அப்பாவின் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் அது யாரென்று யாருக்குத் தெரியும்?

ஸ்கேனருக்கு முன்னால் தகரங்களைத் திறந்து மோந்து பாருங்க. காடி வாசனை அடித்தால் அந்த ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதைப் பிரித்து வைத்து முதலில் எடுங்க. ஓரத்தில் சேஃப்டி என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்க. 1950க்கு முந்தைய பழைய ஃபிலிம் கலந்திருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம், சட்டென்று தீப்பற்றும். பூஞ்சை படிந்ததைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், பூஞ்சை தின்ற ஜெலட்டின் படத்தோடு கரைந்து போகும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு, ஒரே பக்கமாக மெல்லத் துடைப்பது. அதற்கு மேல் கை வைக்காதீங்க.

யாங்கூன் அக்கா:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 1,400ஐயும் ஸ்கேன் பண்ண உட்கார்ந்தால் இந்த மழைக்குள் முடியாது, அலுத்துப் பாதியில் விட்டுவிடுவீங்க. முதலில் போனில் படம் பிடித்துப் பட்டியல் போடுங்க. டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரை வைத்து, நெகட்டிவை இரண்டு விரற்கடை உயரத்தில் தூக்கிப் பிடிக்கணும், ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் தெரியும். போனில் நிறத்தைத் தலைகீழாக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் கேமராவிலேயே ஆள் முகம் தெரியும். எங்க தாத்தா வீட்டுப் பெட்டியை அப்படித்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன்.

அண்ணன் சொன்ன வி600 அடாப்டரில் ஓடுவது. பாதியில் கரண்ட் போனால் அந்தப் படம் வீண், மறுபடி முதலிலிருந்து. பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் வைத்துச் செய்யுங்க. மழைக்காலம் முழுக்க மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க, தகரம் வேண்டாம்.

மோல்மீன்காரி:

அண்ணன், அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. சின்னப் பெட்டி வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். யாங்கூனில் ஒருவரிடம் பழைய வி600 இருக்கிறது, 120 தாங்கியோடு. தண்ணீர்த் திருநாள் (பர்மியப் புத்தாண்டு) லீவு முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன்.

தகரங்களை மோந்து பார்த்தேன். மூன்றாவதும் ஆறாவதும் காடி நெடி அடிக்கின்றன. வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். நேற்றிரவு அக்கா சொன்ன மாதிரி டேப்லெட்டில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது தகரத்தில் முதல் உறை: மே 1964, நான்கு காப்பி, அவசரம். அப்பாவும் அம்மாவும் ஐந்து பிள்ளைகளும். கைக்குழந்தை கன்னத்தில் தனக்கா, அந்த மரப்பட்டைப் பூச்சு, வட்டமாக இருக்கிறது. இடது ஓரத்துப் பெண்ணின் முகத்தில் பாதிவரை பூஞ்சை.

அந்த 99 சதவீத ஆல்கஹால் மோல்மீன் மருந்துக்கடைகளில் இல்லை, 70தான் தருகிறார்கள். மீதி 30 தண்ணீர் அல்லவா, அதைத் தொடலாமா, இல்லை யாங்கூனுக்கு வரும்வரை அந்தப் படத்தை அப்படியே வைக்கட்டுமா?

ரங்கூன் அச்சகத்தார்:

தொடாதீங்க. வரும்போது கொண்டு வாங்க, என்னிடம் ஒரு பாட்டில் இருக்கிறது.