'செயலற்ற நிலை' வேண்டாம், 'நிலையோட்டம்' என்போம்: பழைய லாரி என்ஜினுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய லாரி என்ஜின் பற்றிய நம் தமிழ்க் கட்டுரைக்கான சொற்களைப் பற்றி எழுதுகிறேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நின்ற வண்டியில் என்ஜின் ஓடுவதற்கு (ஆங்கிலத்தில் 'ஐட்லிங்') 'செயலற்ற நிலை', 'வெற்றோட்டம்' என்று இரண்டு சொற்கள் பரிந்துரையாக வந்துள்ளன. முதலாவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அந்நேரத்தில் என்ஜின் தன் உராய்வைத் தானே வென்று, ஆயில் பம்பு, தண்ணீர் பம்பு, டைனமோ எல்லாவற்றையும் சுற்றுகிறது. பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் அதன் பொறுப்புதான். அதைச் செயலற்றது என்பது பொய். 'வெற்றோட்டம்' நல்ல சொல், ஆனால் சரக்கில்லாமல் காலி வண்டி ஓடுவதையும் அது குறித்துவிடும். பட்டறையில் 'ஸ்லோ' என்பார்கள். எழுத்தில் 'நிலையோட்டம்' என்று வைக்கலாம்.

அந்த ஓட்டம் கரடுமுரடாக இருப்பதை 'அதிர்வு' என்றால் போதும் என்ற கருத்தையும் ஏற்க முடியவில்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்தாலும் கேபின் அதிரும், என்ஜினில் ஒரு குறையும் இருக்காது. பொதுப் பெயர் 'நிலையோட்டத் தடுமாற்றம்' என்றிருக்கட்டும். அதற்குள் இரண்டைப் பிரித்தே ஆக வேண்டும். இல்லையேல் படிப்பவர் தவறான இடத்தில் ஸ்பேனரை வைப்பார்.

ஒன்று, 'எரிதவறல்'. பட்டறையில் 'மிஸ்ஸிங்'. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் எரியும். ஆகவே ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், நொடிக்கு 30 முறை எரிப்பு நடக்கும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் நொடிக்கு 5 இடைவெளிகள். காது அதைத் தாளம் தப்புவதாகவே பிடித்துவிடும். வேகம் கூடினால் இடைவெளிகள் நெருங்கி, ஃப்ளைவீலின் (சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரம்) வேகத்தில் கரைந்துபோகும். அதனால்தான் ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி, சிக்னலில் நின்றதும் உதறுகிறது. எந்தச் சிலிண்டர் என்று அறிய, என்ஜின் ஓடும்போதே நாசிலுக்கு (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை) போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்துக் கிடக்கிறது. அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். குறையும் கூடவே நகர்ந்தால் நாசில்; நகராவிட்டால் வால்வு, கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். (பழைய இயந்திரப் பம்பு வண்டிகளுக்கு மட்டுமே இந்தச் சோதனை. காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா நாசில்களுக்கும் பொதுவான குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் புதுவகை வண்டியில், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கட்டுரையில் இதை எச்சரிக்கையாகவே போட வேண்டும்.)

மற்றது, சுற்று தானாக ஏறி ஏறி இறங்குவது. இதற்கு 'ஊசலோட்டம்' என்கிறேன். டீசல் அளவைக் கூட்டிக் குறைத்துச் சுற்றைச் சீராக வைக்கும் கவர்னர் தேய்ந்திருக்கலாம், ஆனால் அது இருக்கும் டீசல் பம்பைக் கழற்றும் முன் டீசலில் காற்று கலக்கிறதா என்று பார்ப்பதே முறை. டாங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு வரையிலான குழாயில் உறிஞ்சல்தான் இருக்கும், அழுத்தம் இருக்காது. அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்கு எல்லாம் காய்ந்தே தெரியும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

'எரிதவறல்' பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும் என்பதால் அதில் எனக்குத் தயக்கமில்லை. 'ஊசலோட்டம்' பற்றித்தான் உங்கள் கருத்து வேண்டும். நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளோடு பழகியவர்கள் அங்கே புழங்கும் தமிழ்ச் சொல் எதுவும் இருந்தால் எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.