டெல்டா ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஃபிட் கிட்: ஐம்பது தாண்டிய எல்லாருக்கும் கொடுக்கலாமா?

மன்னை_எம்ஓ:
தேசியத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குப் பார்க்கும் புற்றுநோய் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒன்றும் இல்லை. 50 தாண்டிய எல்லாருக்கும் வருஷம் ஒரு ஃபிட் கிட் (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டுவது) கொடுக்க வேண்டும் என்கிறேன். டாக்டர் சீட்டு எழுதித்தான் என்று வைத்தால் நடக்காது. ஓபியில் கூட்டம் நெரியும்போது யாருக்கு மலப் பரிசோதனை ஞாபகம் வரும்? செவிலியரே கொடுக்கலாம் என்று ஒரு நிரந்தர உத்தரவு போதும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரே கிட்டைக் கொடுத்து, அடுத்த நடையில் வாங்கி வரலாம்.

குடல்_தஞ்சை:
பாசிட்டிவ் வந்தவரை எங்கே அனுப்புவீர்கள் சார்? ஒரு நிலையத்துக்கு 30,000 ஜனம். அதில் 50 முதல் 74 வயது 6,000 பேர், பாதிப் பேர் கிட்டைத் திருப்பித் தருகிறார்கள், நூற்றுக்கு 5 பாசிட்டிவ் என்று வையுங்கள். 150 கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது). மாவட்டத்தில் இப்படி 30 நிலையம் என்றால் வருஷம் 4,500, வாரம் 90 ஆகிறது. எந்த எண்டோஸ்கோபி அறை தாங்கும்? அதுவும் இங்கே இந்த நோய் வருஷம் லட்சம் பேருக்கு ஐந்தை ஒட்டித்தான். அமெரிக்கக் கணக்கில் கால்வாசி கூட இல்லை. நோய் குறைவான இடத்தில் பாசிட்டிவ் வருவதில் பெரும்பாலும் வேறு ஏதோதான் இருக்கும். செருப்பில்லாமல் நடவு வயலில் நிற்கிற ஜனம், கொக்கிப்புழு ஒன்றே போதும் உங்கள் கிட்டைச் சிவக்க வைக்க. ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் ரத்தசோகை, மலத்தில் ரத்தம், மலம் போகும் பழக்கத்தில் மாற்றம்: இவர்களை முதலில் ஒழுங்காக அனுப்புங்கள்.

மன்னை_எம்ஓ:
கொக்கிப்புழு வாதம் பழைய குவாயக் சோதனைக்குப் பொருந்தும். அது ஹீமை (ரத்தச் சிவப்பில் இரும்பு உள்ள பகுதி) பிடிக்கும். ஆட்டுக்கறி, முள்ளங்கி கூட ஏமாற்றும். ஃபிட் மனித குளோபினை (ரத்தச் சிவப்பின் புரதப் பகுதி) மட்டும் பிடிக்கும். சிறுகுடலில் கசிகிற ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும். மூலம், சீதபேதி இரண்டும் குழப்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “மூலமா இருக்கும்” என்று பாசிட்டிவைத் தள்ளிவிடுவதும், இன்னொரு கிட் கொடுத்து நெகட்டிவ் வந்தால் விட்டுவிடுவதும் தப்பு. கசிவு விட்டு விட்டு வரும். இரண்டாவது நெகட்டிவ் முதலாவதை ரத்து செய்யாது.

லேப்_பட்டுக்கோட்டை:
இரண்டு பேரும் மாதிரி எந்த நிலையில் கைக்கு வரும் என்று பேசவே இல்லை.

தன்னார்வலரின் அடுத்த நடை ஒரு மாசம் கழித்து. ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்த மாதிரிக் குழாய் ஒரு வாரம் தாங்கினால் பெரிசு. கிட் உறையில் போட்ட கெடுவைப் பாருங்கள். வெயிலில் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரும். இத்தாலி மாதிரி இடத்திலேயே கோடையில் பாசிட்டிவ் குறைந்தது. நம் கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கிட்டே கொடுக்காமல், ஐப்பசி முதல் மாசி வரை ஓட்டுங்கள். எடுத்த மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் வாங்கி, 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் சேர்த்து வைக்கக் கூடாது.

அடுத்து, நம் கக்கூஸ் குந்தி உட்காருவது. மலம் நேரே தண்ணீரில் விழும். பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்து விரித்து அதன்மேல் போகச் சொல்லுங்கள். குச்சியால் நாலைந்து இடத்தில் சுரண்டி, குச்சியில் உள்ள பள்ளம் நிறைய மட்டும் எடுக்க வேண்டும். “நிறைய எடுத்தா நல்லது” என்று உருண்டையாய் அடைத்தால் கணக்கே தப்பு. கேசட்டில் (கோடு விழுந்து முடிவு காட்டும் பட்டை) குறித்த நிமிடம் தாண்டி மங்கலாய்த் தெரியும் கோட்டை எண்ணாதீர்கள். விரல் பரிசோதனை செய்த கையுறையில் ஒட்டியதைத் தடவுகிற பழக்கத்தையும் விடுங்கள். அந்த நெகட்டிவை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குடல்_தஞ்சை:
தம்பி சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன்: கேசட்டில் வெட்டுப்புள்ளி (எவ்வளவு ரத்தத்துக்கு மேல் பாசிட்டிவ் என்ற அளவு) தயாரித்தவன் வைத்ததுதான். எண்ணாகத் தரும் கருவி இருந்தால் நாமே வைக்கலாம். ஒரு கிராம் மலத்துக்கு 20 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க வழக்கம். இங்கிலாந்து கொலனோஸ்கோபி இடத்தைக் கணக்குப் பார்த்து 120ல் ஆரம்பித்தது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் வாரம் எத்தனை இடம் என்று எழுதி வாங்குங்கள், பிறகு கிட்டை எண்ணுங்கள்.

விஎச்என்_வேதை:
இடம் கொடுத்தாலும் ஆள் போய்ச் சேர வேண்டுமே டாக்டர். குடல் சுத்த மருந்து ஒரு பாக்கெட் 2 லிட்டர் தண்ணீரில். பாதி முதல் நாள் சாயந்திரம், மீதி சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்னால். வேதாரண்யத்தில் விடியக்காலை குடித்துவிட்டு தஞ்சாவூர் பஸ்ஸில் யார் ஏறுவார்? பஸ்ஸில் கக்கூஸ் இல்லை. அதனால் ராத்திரி மருந்து முழுவதையும் குடித்துவிட்டு வருகிறார்கள், மறுநாள் குடல் அழுக்கு என்று திருப்பி அனுப்புகிறார்கள். முதல் நாளே வார்டில் படுக்கை கொடுங்கள். மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, விதையுள்ள காய் நிறுத்தணும். இரும்பு மாத்திரை ஒரு வாரம் முன்பே. சுகர் மாத்திரையை அன்றைக்கு எப்படி என்று சீட்டில் எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும்.

மன்னை_எம்ஓ:
சிஸ்டர் சொன்னதை ஏற்கிறேன். வயதைக் குறைத்துத் தொடங்கலாம்: முதல் வருஷம் 60 முதல் 64 மட்டும், ஒரு வட்டாரத்தில். அதற்கு மேல் இறங்க மாட்டேன். ரத்தசோகை வரும்வரை காத்திருந்தால் அது முன்கூட்டிப் பிடிப்பது ஆகாது.

குடல்_தஞ்சை:
60 முதல் 64, சரி. ஆனால் 50க்கு நீட்டுவதை நான் இன்னும் ஏற்கவில்லை.

விஎச்என்_வேதை:
பதிவேட்டில் கிட் கொடுத்த தேதி, வாங்கிய தேதி, முடிவு என்று மூன்று கட்டம் போட்டு நிறுத்திவிடாதீர்கள். நாலாவதாகக் கொலனோஸ்கோபி முடிந்த தேதி வேண்டும். பத்து மாசம் தாண்டினால் முற்றிய நிலையில் கிடைக்கிற ஆபத்து கூடுகிறது. அந்தக் கட்டம் காலியாக மூன்று மாசம் போனால் வீட்டுக்குப் போவது யார், அதை இப்போதே பெயர் போட்டு எழுதுங்கள்.